தலைமடையில் காவல் நின்றவர்களுக்கு

ஜனநாயக சீர்திருத்தங்களுக்கான சங்கத்தைத் தொடங்கியவர்களுக்கும், அதன் அறங்காவலர்களுக்கும், மாநிலந்தோறும் தேர்தல் கண்காணிப்பு வேலையைச் சொந்தப் பிழைப்புக்கு நடுவே இழுத்துப் போட்டுச் செய்யும் தன்னார்வ ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,



உங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் வாசிக்க வராது. இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். நான் கேட்கப்போகும் காரியத்தில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. மீதிப் பாதி இந்தப் பக்கத்தைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. உங்களுக்கு யாராவது படித்துச் சொல்வார்கள். அவர்களுக்கு நேராகவே போய்ச் சேரட்டும்.

மதுரைப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் கடைக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். சிட்டை, பேரேடு, வவுச்சர், பில் புத்தகம் என்று பொழுது போகிறது. அரசியல் மேடை ஏறியதில்லை, எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையும் என்னிடம் இல்லை. ஆனால் பணம் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடுவதுதான் என் தொழில். அந்தத் தொழிலை ஒரு நாட்டின் அரசியல் மீதே செய்து பார்த்தவர்கள் நீங்கள். அதனால் உங்களைப் பல வருடமாகத் தூரத்திலிருந்து கவனித்து வருகிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். எதற்கு நன்றி என்பதை விவரமாகவே சொல்கிறேன்.

1999-இல் அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தீர்கள். திரிலோசன் சாஸ்திரி, ஜெகதீப் சோக்கர் முதலியோர் அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள். ஓட்டுக் கேட்டு வருபவரின் பின்னணி ஓட்டுப் போடுபவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. 2000 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றமும் உங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்றது. வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத கட்சிகள் அன்றைக்கு இதை எதிர்ப்பதில் மட்டும் ஒன்று சேர்ந்தன. தீர்ப்பை மழுங்கடிக்க அவசரச் சட்டம் வந்தது. பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மாற்றமில்லாமல் மறுபடி அனுப்பியது. அரசியல் சாசனப்படி அவர் கையெழுத்திட வேண்டியதாயிற்று. பிறகு அது சட்டமாகவும் ஆனது. நீங்கள் மறுபடி நீதிமன்றம் போனீர்கள். 2003 மார்ச் 13 அன்று அந்தச் சட்டத்தில் தீர்ப்பை முடக்கிய பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இன்று எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் செல்போனை எடுத்து, எங்கள் வேட்பாளருக்கு எத்தனை ஏக்கர், எத்தனை பவுன், எத்தனை வழக்கு என்று உங்கள் மைநேட்டா இணையதளத்தில் பார்த்துச் சத்தம் போட்டுப் படிக்கிறார். சுற்றி நிற்பவர்கள் விலாசம் தெரிந்த சொத்துகள் அதில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கிறார்கள். இப்படி ஒரு காட்சி என் இளமைக் காலத்தில் கிடையாது. வேட்பாளரின் சொத்தைப் பற்றி அப்போது வதந்தி மட்டும்தான் உண்டு.

உங்கள் வேலையில் என்னை அதிகம் தொட்டது இந்த வெற்றி அல்ல. இதைவிட மனதில் நிற்பது, வென்ற பிறகு அடித்துப் பறிக்கப்பட்ட ஒரு வழக்கு. எங்கள் பக்கத்து மாவட்டங்களில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடியில் தாமிர ஆலை நடத்திய ஸ்டெர்லைட் நிறுவனம், சேசா என்ற இன்னொரு நிறுவனம் இரண்டும் லண்டனில் பதிவான வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்தவை. வெளிநாட்டு மூலத்திலிருந்து அரசியல் கட்சிகள் பணம் வாங்கக் கூடாது என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. இந்த நிறுவனங்களிடமிருந்து பாஜகவும் காங்கிரசும் இரண்டுமே நன்கொடை வாங்கியிருந்தன. அதைக் கணக்குகளிலிருந்து தோண்டி எடுத்து, முன்னாள் மத்திய அரசுச் செயலர் இ.ஏ.எஸ். சர்மாவும் உங்கள் சங்கமும் வழக்குப் போட்டீர்கள். 2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் இரு கட்சிகளும் சட்டத்தை மீறியதாகவே தீர்ப்பளித்து, நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அப்புறம் நடந்தது என்ன? 2016 நிதிச் சட்டத்தில் வெளிநாட்டு மூலம் என்பதற்கான விளக்கத்தையே பின்தேதியிட்டு மாற்றினார்கள். அந்தத் திருத்தம் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மட்டுமே பொருந்தும், அதற்கு முந்தைய நன்கொடைகள் சிக்கிக்கொள்ளும் என்று தெரிந்ததும் 2018 நிதிச் சட்டத்தில் இன்னொரு திருத்தம் வந்தது. அது 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னோக்கிப் போனது. நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட பழைய கணக்கை ஒரே வரியில் நேர் செய்துவிட்டார்கள். எதிர்க்கட்சி வரிசையிலிருந்த காங்கிரசுக்கும் அதே வரியில் விடுதலை கிடைத்தது.

2018-இல் அந்த பட்ஜெட் நிறைவேறிய சில வாரங்களில், மே 22 அன்று, அதே ஆலைக்கு எதிராகத் தூத்துக்குடியில் ஊர்வலம் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் ஒரு ஊரின் காற்றும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட நிறுவனம் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பது அந்த ஊர் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதைத் தேடி எடுத்தவர்கள் நீங்கள். தூத்துக்குடியில் ஒரு தெருமுனைக் கூட்டத்தில்கூட உங்கள் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கடன் எங்கள் பக்கம் பாக்கி நிற்கிறது.

தேர்தல் பத்திரக் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் அதிகம் விரிக்க வேண்டாம். 2017 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ரிசர்வ் வங்கி ஆட்சேபித்தது, தேர்தல் ஆணையமும் ஆட்சேபித்தது. ரூ.1,000 முதல் ரூ.1 கோடி வரை மதிப்புள்ள பத்திரத்தை ஸ்டேட் பாங்கில் வாங்கி, பெயர் வெளியே வராமல் கட்சிக்குக் கொடுக்கலாம். கூடவே கம்பெனிகளின் நன்கொடைக்கு இருந்த வரம்பையும், அதாவது முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் என்பதையும் எடுத்துவிட்டார்கள். லாபமே இல்லாத கம்பெனி எந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்கும் என்ற கேள்வி கணக்கெழுதுகிற யாருக்கும் முதலில் வரும். அந்தக் கேள்வியோடு 2017 செப்டம்பரிலேயே நீங்களும் காமன் காஸ் அமைப்பும் நீதிமன்றம் போனீர்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்குத் தொடுத்தது. அதற்குப் பிறகு ஒரு மக்களவைத் தேர்தலும் பல சட்டமன்றத் தேர்தல்களும் நடந்து முடிந்தன, பத்திர விற்பனை நின்றபாடில்லை. 2021 மார்ச்சில் இடைக்காலத் தடையும் மறுக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அந்தத் திட்டத்தை ரத்து செய்தபோது ஆறரை வருடம் போயிருந்தது. பத்திர விவரங்களைத் தர ஸ்டேட் பாங்க் ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14 அன்று பட்டியல் வெளியானது.

அந்தப் பட்டியல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அதிகப் பத்திரம் வாங்கியது கோவையைத் தளமாகக் கொண்ட லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம், ரூ.1,368 கோடிக்கு. பத்திரங்கள் மூலம் திமுக பெற்ற மொத்தம் ரூ.656.5 கோடி. அதில் ரூ.509 கோடி அந்த ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது என்று திமுகவே ஆணையத்திடம் சொல்லியிருந்தது. அதிமுக பெற்றது ரூ.6.05 கோடி, பெரும்பகுதி ஒரு கிரிக்கெட் அணி நிறுவனத்திடமிருந்து. நாடு முழுவதும் அதிகம் பெற்றது பாஜக. 2019 ஏப்ரலிலிருந்து மட்டும் ஆறாயிரம் கோடிக்கு மேல். லாட்டரிச் சீட்டுக்குத் தமிழ்நாட்டில் 2003-லிருந்து தடை. அதற்கு முன்பு சீட்டு வாங்கியே குடும்பத்தைத் தொலைத்தவர்களை எங்கள் தெருவில் நேரில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ரூ.509 கோடியைப் படித்தபோது எங்களுக்கு உண்டான உணர்ச்சியை அகமதாபாத்திலிருந்து முழுதாக உணர முடியுமா என்று தெரியவில்லை.

இனி கசப்பான கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் சங்கமே கணக்கிட்டுச் சொன்ன எண்கள் இவை. 2009-இல் மக்களவைக்குத் தேர்வானவர்களில் குற்ற வழக்கு இருப்பதாக அறிவித்தவர்கள் 30 சதவீதம். 2014-இல் 34, 2019-இல் 43, 2024-இல் 46. அதாவது 543 பேரில் 251 பேர். கோடீஸ்வரர்கள் 504 பேர், 93 சதவீதம். தகவல் தெரிந்தால் மக்கள் மாறுவார்கள் என்ற நம்பிக்கையில் தொடங்கிய வேலை இது. தகவல் வருடா வருடம் கூடியது. கூடவே வழக்குகளும் கோடிகளும் கூடின.

இதைச் சுட்டிக்காட்டி உங்கள் உழைப்பை வீண் என்று பேசுபவர்கள் உண்டு. வேறு சிலர் வாக்காளர் தலையில் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். ‘சனங்க காசு வாங்கிக்கிட்டுத்தானே ஓட்டுப் போடுது’ என்று படித்தவர்கள் சலித்துக்கொள்வதை நான் வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். அந்தப் பேச்சு எனக்கு ஆத்திரத்தைத்தான் தருகிறது. எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மாளின் கையில் கவரைத் திணித்துவிட்டு, அவரைக் குற்றவாளி என்கிறார்கள். அந்த ஐந்நூறு ரூபாய் அச்சான இடம் அவர் வீடு அல்ல. வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த பிறகு, கடைமடைக்காரனைப் பிடித்து நீ ஏன் நனைந்தாய் என்று கேட்கக் கூடாது. மடையைத் திறந்தவன் யார் என்றுதான் கேட்க வேண்டும். நீங்கள் இருபத்தைந்து வருடமாகத் தலைமடையில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். யார் கட்சிக்குக் கொடுக்கிறார்கள் என்பதில் உங்கள் அளவுக்கு உழைத்தவர்கள் இந்த நாட்டில் குறைவு.

ஆனால் கடைமடையில் என்ன நடக்கிறது? இங்கே எங்களுக்குப் பெரிய அனுபவம் இருக்கிறது, பெருமைப்பட முடியாத அனுபவம். 2009 ஜனவரி இடைத்தேர்தல் எங்கள் மாவட்டத்துத் திருமங்கலத்தின் பெயரை ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ஒரு ஃபார்முலாவாக்கி நாடெங்கும் அனுப்பிவைத்தது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் பணப்பட்டுவாடாவால் நிறுத்தப்பட்டன. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர். 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியில் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தேர்தலே ரத்தானது. பணத்துக்காக ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது இந்திய வரலாற்றில் அதுதான் முதல் முறை. மாறி மாறி எல்லாப் பெரிய கட்சிகள் பெயரும் இந்தச் சம்பவங்களில் அடிபட்டது. தேர்தலை நிறுத்தினார்கள், சில மாதத்தில் மறுபடி நடத்தினார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பதை எந்தத் தொகுதியிலும் யாரும் கடைசி வரை துரத்திப் பிடித்து மக்கள் முன் வைக்கவில்லை.

ஒரு சாதாரணக் கூட்டல் வகுத்தலைப் பாருங்கள். பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022-லிருந்து ரூ.40 லட்சம். தமிழ்நாட்டில் 2024 மக்களவைத் தேர்தலில் 68,000-க்கு மேல் வாக்குச்சாவடிகள். 234 தொகுதிகளால் வகுத்தால் தொகுதிக்கு ஏறக்குறைய 290 சாவடி. நாற்பது லட்சத்தை அதால் வகுத்தால் சாவடிக்கு ரூ.14,000 கூட வராது. மேடை, வண்டி, பெட்ரோல், போஸ்டர், மைக் செட், பூத் ஏஜென்டுகளின் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பெரிய கட்சியில் பூத் கமிட்டியில் இருந்த யாரிடமாவது இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள், பதில் முகத்திலேயே தெரிந்துவிடும். ஒரு தொகுதியில் லட்சம் பேருக்கு ஆளுக்கு ஐந்நூறு கொடுத்தாலே ரூ.5 கோடி, வரம்பைப் போல் பன்னிரண்டரை மடங்கு. வென்றவர்களோ சராசரியாக வரம்பையே எட்டுவதில்லை என்று கணக்குக் காட்டுகிறார்கள். தேர்தலுக்குத் தேர்தல் உங்கள் சங்கம்தான் அதையும் எடுத்துச் சொல்லி வருகிறது.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் தன் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 88-ஆவது விதி, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி எவரும் அதைப் பார்வையிடலாம் என்கிறது. எவரும் என்றால் கட்சிக்காரர், பத்திரிகைக்காரர் மட்டும் இல்லை, என்னைப் போன்றவனும்தான். சான்றளித்த நகலும் கட்டணம் கட்டிப் பெறலாம்.

ஒரு தேர்தலுக்குப் பின் நண்பர் ஒருவரோடு போனேன். எந்த அலுவலகம், எந்தத் தேர்தல் என்று குறிப்பிட விரும்பவில்லை. அங்கிருந்த ஊழியர் நல்ல மனிதர். “எந்தக் கட்சி சார்?” என்று கேட்டார். “கட்சி இல்லீங்க. கணக்கைப் பார்க்கணும்.” “பார்த்து என்ன பண்ணப் போறீங்க?” கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்தக் கணக்குத் தாள் கட்டைக் கேட்டு ஆள் வந்து அவர் பார்த்ததில்லையாம். பெரியவர் ஒருவரிடம் கேட்டு, விதிப் புத்தகத்தைப் புரட்டி, பிறகு பீரோவிலிருந்து எடுத்து வந்தார்.

வெள்ளைத் தாள்களில் தினசரிச் செலவு. இளஞ்சிவப்புத் தாள்களில் ரொக்கம். மஞ்சள் தாள்களில் வங்கி வரவு செலவு. பின்னால் வவுச்சர்கள். மாவட்ட நிர்வாகம் டீ, இட்லி, பிரியாணி, நாற்காலி, ஷாமியானா என்று ஒவ்வொன்றுக்கும் விலைப் பட்டியல் நிர்ணயித்திருக்கும். அந்த விலை அச்சு அசலாக எல்லாத் தாளிலும் இருந்தது. விலையில் தப்பே கிடையாது. எண்ணிக்கையில்தான் விஷயம். ஒரு பெரிய தலைவர் வந்த நாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட் வரை ஆள் நின்றதை ஊரே பார்த்தது. கணக்கில் இருநூறு நாற்காலி, இரண்டு ஒலிபெருக்கி. ஒரு வேட்பாளரின் வாடகை வண்டி பில்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். தேதிகள் மூன்று வாரத்துக்குப் பரவியிருந்தன, பில் எண்களோ ஒன்றன் பின் ஒன்றாக அடுத்தடுத்து ஓடின. மூன்று வாரத்தில் அந்த டிராவல்ஸ்காரருக்கு வேறு ஒரு சவாரிகூடக் கிடைக்கவில்லை என்று நம்புவதற்கு இடமில்லை. எல்லாத் தாளிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே அழுத்தம். என்னிடம் கணக்கெழுத வரும் மளிகைக் கடைக்காரர் இப்படி ஒரு கட்டைக் கொண்டுவந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன், ஏனென்றால் வரி அதிகாரி அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். எதிர்த்து நின்றவரின் கட்டையும் பார்த்தோம். அதே கதைதான்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. எங்கள் ஊரில் மட்டும் இதைப் பார்த்ததும் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்கள், தணிக்கையாளர் அலுவலக உதவியாளர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்தவர்கள், பந்தல் கான்ட்ராக்டர்கள், அச்சகக்காரர்கள், மகளிர் சுய உதவிக் குழுவில் பல வருடமாகப் பத்து ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதும் பெண்கள். இவர்களில் எவரையும் யாரும் இதுவரை இந்த வேலைக்கு அழைத்ததில்லை.

இதனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். உத்தரப் பிரதேசம், பிசௌலி தொகுதி. 2007-இல் வென்ற உம்லேஷ் யாதவ், இரண்டு இந்தி நாளிதழ்களில் செய்தி போல வந்த விளம்பரத்துக்கான ரூ.21,250-ஐக் கணக்கில் காட்டவில்லை. போட்டி வேட்பாளர் விடாமல் துரத்தினார். 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையம் உம்லேஷ் யாதவை மூன்று ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்தது. பதவியிலிருந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இருபத்தோராயிரம் ரூபாயில் விழுந்தார். செலவுக் கணக்கு உண்மையானதா என்று விசாரிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்பதை 2014-இல் அசோக் சவான் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதிகாரம் இருக்கிறது, விதி இருக்கிறது, கட்டுகள் பீரோவில் இருக்கின்றன. கேட்டுப் போகும் ஆள்தான் இல்லை.

அந்த ஆட்களை உருவாக்கும் வேலையை நீங்கள் கையில் எடுக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்கள் சங்கத்தின் பலம் அறிவும் பொறுமையும். அதன் பலவீனம், அவை சில தோள்களில் மட்டும் குவிந்திருப்பது. ஒரு மாநிலத்துக்கு ஒன்றிரண்டு ஒருங்கிணைப்பாளர்கள், ஒன்றிரண்டு ஊர்கள். வேட்புமனு முடிந்த சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான பிரமாணப் பத்திரங்களைப் படித்துத் தொகுத்து அறிக்கை தருகிறீர்கள். அது மலையைப் பெயர்க்கிற வேலை. ஆனால் எங்களை வந்தடையும்போது அது ஒரு நாள் செய்தி. மறுநாள் வேறு செய்தி வந்துவிடுகிறது. எங்கள் தெருவில் அதை எடுத்து வைத்துக்கொண்டு, ‘அய்யா, போன தடவை இவ்வளவுன்னு எழுதியிருந்தீங்க, இந்தத் தடவை இவ்வளவாகியிருக்கு, எப்படி?’ என்று கேட்கிற ஆள் இல்லை.

2025 செப்டம்பர் 12 அன்று ஜெகதீப் சோக்கர் மறைந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து, மேலாண்மை கற்பித்து, இடையில் சட்டமும் படித்து, பறவைகளையும் நேசித்த அவர், எண்பதை ஒட்டிய வயதிலும் தேர்தல் வழக்குகளில் முன்னணியில் நின்றார். அவர் இடத்தை இன்னொரு பேராசிரியரைக் கொண்டு நிரப்பிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவருக்குப் பதிலாக ஐந்நூறு பேர் வேண்டும், மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகா ஊர்களிலும்.

ஒரு வித்தியாசத்தை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வழக்குப் போட்டால் பத்திரிகை எழுதும், வழக்கறிஞர்கள் கூட நிற்பார்கள். எங்கள் ஊரில் அப்படியில்லை. என் வாடிக்கையாளர்களில் வட்டச் செயலாளர் இருக்கிறார், ஒன்றியக் கவுன்சிலரின் மைத்துனர் இருக்கிறார், டாஸ்மாக் பாருக்கு டெண்டர் எடுத்தவர் இருக்கிறார். எல்லாக் கட்சியும் உண்டு. ஒருவரின் செலவுக் கட்டை நான் கேட்டு வாங்கினேன் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். மறுநாள் மூன்று பேர் பில் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள். வேறு மாதிரியும் ஆகலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு அடிபட்டவர்கள், உயிரை இழந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஆகவே தனி மனிதத் தைரியத்தை நம்பி இதைத் தொடங்கக் கூடாது. எப்போதும் குழுவாகப் போக வேண்டும். ஒரு ஊர்க் கணக்கைப் பக்கத்து ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டும். மனுக்கள் சங்கத்தின் பெயரில், உங்கள் தாளில் போக வேண்டும். சட்ட உதவிக்கு ஒரு வழக்கறிஞரின் எண் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். உங்கள் பெயருக்கு இருக்கும் மதிப்பு எங்களுக்குக் குடையாக வேண்டும்.

உங்களிடமிருந்து நாங்கள் கற்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. எல்லாக் கட்சியையும் ஒரே அட்டவணையில் வைப்பீர்கள். எவரையும் திருடர் என்று எழுத மாட்டீர்கள். அவர் கொடுத்த எண்ணை எடுத்து இன்னொரு எண்ணுக்குப் பக்கத்தில் வைப்பதோடு உங்கள் எழுத்து நின்றுவிடும். 2004-05 முதல் பத்தாண்டுக்கு மேல் கட்சிகளின் வருமானத்தில் 69 சதவீதம் எங்கிருந்து வந்ததென்று தெரியாது என்று நீங்கள் சொன்னபோது ஒரு வசைச் சொல்கூட அதில் இல்லை. ரூ.20,000-க்குக் கீழ் கொடுத்தவர் பெயரை ஆணையத்திடம் சொல்ல வேண்டியதில்லை என்ற சட்டத்தின் ஓட்டையை அந்த எண்ணே காட்டிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் இந்தக் கட்டுப்பாடு சுலபமாக வராது. இங்கே அரசியல் ரத்தத்தில் ஓடுகிறது. தனக்குப் பிடித்த கட்சியின் பில் எண்களையும் அதே கண்ணோடு பார்க்கப் பழக்க வேண்டும். அந்தப் பழக்கம் புத்தகம் படித்து வராது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துத்தான் வரும்.

தகவல் உரிமை விஷயத்தில் உங்கள் காத்திருப்பையும் நினைத்துப் பார்க்கிறேன். 2013 ஜூன் 3 அன்று மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்றது. கட்சிகள் அதை எதிர்த்து வழக்கும் போடவில்லை, அதற்குக் கீழ்ப்படியவும் இல்லை. 2015-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனீர்கள். பத்தாண்டு கடந்தும் அந்தக் கதவு திறக்கவில்லை. பத்திரங்கள் போன இடத்தில் தேர்தல் அறக்கட்டளைகள் வழியே பணம் வருகிறது. அங்கே பெயர் தெரிகிறது, அந்த வகையில் நல்லதுதான். ஆனால் எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பதை அதிலும் முழுதாகக் கோக்க முடிவதில்லை. தலைமடை வேலை இன்னும் தீரவில்லை. நீங்கள் அங்கேதான் நிற்க வேண்டும். கடைமடைக்கு எங்களைத் தயார் செய்துவிட்டு நில்லுங்கள் என்கிறேன்.

எங்களுக்கு வேண்டியவற்றைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். வேட்பாளர் செலவுக் கட்டை எப்படிக் கேட்டு வாங்குவது, வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் மூன்றையும் எப்படி ஒன்றோடொன்று ஒப்பிடுவது, வேட்பாளரின் செலவைச் செலவினப் பார்வையாளர் தரப்பு தனியே குறித்துவைக்கும் நிழல் பதிவேட்டில் எதைத் தேடுவது என்று நாற்பது பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு. விதி 88-ஐக் குறிப்பிட்டு எழுதிய மாதிரி மனு. இதுவரை ஆணையம் கணக்குக் காரணமாகத் தகுதி நீக்கம் செய்த வழக்குகளில் நாலைந்தின் சுருக்கம். மதுரையில் இரண்டு நாள் பயிற்சி. பயிற்சிக்கு வருபவர்கள் எந்தக் கட்சியிலும் பொறுப்பில் இல்லாதவர்கள் என்று எழுதிக் கொடுப்பார்கள். குழுவின் செலவுக்கு ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் நாங்களே போட்டுக்கொள்கிறோம், பெரிய நன்கொடை எதுவும் வாங்க மாட்டோம், கணக்கை மாதந்தோறும் பொது நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவோம். இடத்துக்கு நான் பொறுப்பு. சாப்பாட்டுக்கு நண்பர் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். முதல் வகுப்புக்கு வர பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஏழு பேர் பெண்கள், அவர்களில் ஐந்து பேர் சுய உதவிக் குழுக்களில் கணக்கு எழுதுபவர்கள்.

வருபவர் இந்தியில் பேசினாலும் ஆங்கிலத்தில் பேசினாலும் உடனிருந்து மொழிபெயர்க்க ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இசைந்திருக்கிறார். நாள் எது என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். கல்யாண முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் மண்டபம் வாடகை குறைவாகக் கிடைக்கும்.

மிகுந்த மரியாதையுடன்,
ஒரு கணக்கெழுத்தர்,
மதுரை மாவட்டம்